பூனை வளர்ப்பவர்களே, அட்டைப்பெட்டி இல்லாமல் தெள்ளு மருந்து வாங்காதீர்கள்

நாய்க்கான தெள்ளு மருந்தைப் பூனைக்குப் போடாதீர்கள். பாதி அளவும் வேண்டாம், ஒரு சொட்டும் வேண்டாம். ஏற்கெனவே போட்டிருந்தால் இந்தப் பதிவைப் படித்து முடிக்கும் வரைகூடக் காத்திருக்காதீர்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து மருந்து பட்ட இடத்தை அலசி, ஈரம் ஒற்றி, துண்டில் சுற்றிக் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். சுடுதண்ணீர் கூடாது, தோல் வழியாக விஷம் வேகமாக உள்ளே போகும். பச்சைத் தண்ணீரும் கூடாது, உடம்பு குளிர்ந்தால் நடுக்கம் கூடும். பூனைக்கு வலிப்பே வந்துவிட்டதென்றால் குளிப்பாட்டிக்கொண்டு நிற்காமல் முதலில் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

எங்கள் பூனையின் பெயர் பஞ்சு. இரண்டு வயது, மூன்று கிலோ எடை, உடம்பெல்லாம் வெள்ளை. சென்னையில் தரைத்தளத்து வீடு எங்களுடையது. தெருப் பூனைகள் வாசலில் வந்து படுத்துவிட்டுப் போகும். போன ஐப்பசி மழையில்தான் பஞ்சு ஓயாமல் சொறிய ஆரம்பித்தாள். வாலடி முடியை விலக்கிப் பார்த்தேன். மிளகுத்தூள் தூவியது போலக் கறுப்புப் பொடி. அதில் கொஞ்சத்தை ஈரமான வெள்ளைக் காகிதத்தில் உதிர்த்தேன். ஒரு நிமிடத்தில் ஒவ்வொரு துகளைச் சுற்றியும் செங்கல் நிறத்தில் கறை விரிந்தது. தெள்ளு குடித்துக் கழித்த இரத்தம் அது. மண் என்றால் இப்படிச் சிவக்காது.

மறுநாள் மாலை, செல்லப்பிராணிப் பொருள்கள் விற்கும் கடைக்குப் போனேன். பூனைக்குத் தெள்ளு மருந்து வேண்டும் என்று தெளிவாகத்தான் கேட்டேன். கடைக்காரர் "உண்ணி மருந்துதானே?" என்றபடி உள்ளே போனார். உண்ணி என்பது தோலில் கவ்விக்கொண்டு கிடப்பது, தெள்ளு என்பது துள்ளி ஓடுவது; இரண்டும் வேறு. அந்தக் கேள்வியிலேயே நான் சுதாரித்திருக்க வேண்டும். ஒரு பெட்டியிலிருந்து அட்டையை உருவி, அதிலிருந்து ஒரே ஒரு குழாயை மட்டும் கத்திரிக்கோலால் வெட்டி என் கையில் கொடுத்தார். பெட்டியைத் தரவில்லை.

"இது பூனைக்குப் போடலாமா, அண்ணா?"

"நாய்க்கும் பூனைக்கும் ஒரே மருந்துதான், மேடம். பூனை சின்னது, அதனால் பாதி மட்டும் கழுத்தில் விடுங்கள்."

விலை 220 ரூபாய். பில் கேட்டதற்கு, இவ்வளவு சிறிய தொகைக்கு எதற்கு என்றார். ஆறு மணி வாக்கில் சொன்னபடியே பாதியை அளந்து பிடரியில் விட்டேன். பஞ்சு சமர்த்தாக மடியில் உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இரவு பதினோரு மணிக்கு அவள் காது துடிப்பதைக் கவனித்தேன். ஈ மொய்த்தால் உதறுவது போல, ஆனால் நிற்கவே இல்லை. பிறகு முன்னங்காலை ஈரத்தில் மிதித்துவிட்டது போல உதறி உதறி வைத்தாள். முதுகுத் தோல் அலை அலையாக ஓடியது. வாயிலிருந்து நுரையாக எச்சில் வழிந்தது. அரை மணி நேரத்தில் நிற்க முடியாமல் பக்கவாட்டில் சாய்ந்து, உடம்பு முழுவதும் வெட்டி வெட்டி இழுக்கத் தொடங்கியது. என் மகள் கூடையைப் பிடித்துக்கொள்ள, ஆட்டோவில் இரவில் திறந்திருக்கும் ஒரு கிளினிக்குக்கு விரைந்தோம்.

மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, "நாய் மருந்து ஏதாவது போட்டீர்களா?" என்பதுதான். குப்பையிலிருந்து எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்திருந்த காலிக் குழாயைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, கண்ணுக்கு அருகில் வைத்து அதிலிருந்த பொடி எழுத்தைப் படித்தார். பெர்மெத்ரின், 50 சதவீதம். அந்த மருந்து நரம்புகளை ஓயாமல் தூண்டிக்கொண்டே இருக்குமாம். நாயின் உடம்பு அதைச் சுலபமாக முறித்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தத் திறன் மிகவும் குறைவு. ஆகவே பாதி, கால் என்று குறைத்துப் போடுவதெல்லாம் வெறும் பேச்சு. நாயின் பிடரியில் சொட்டாக விடும் இத்தகைய பெர்மெத்ரின் மருந்தில் ஒரு மில்லி இருந்தாலே ஒரு பூனையின் உயிருக்கு ஆபத்து.

நடுக்கத்தை அடக்க ஊசி போட்டார்கள். அடங்கிய பின் கழுத்தைக் கழுவினார்கள். மருந்தை இரத்தத்திலிருந்து பிரித்து இழுக்கக் கொழுப்புக் கரைசலைச் சிரை வழியாக ஏற்றினார்கள். மூன்று நாள் அங்கேயே இருந்தாள். 14,600 ரூபாய் ஆனது. பஞ்சு பிழைத்தாள். சற்றுத் தாமதித்து வந்த பூனைகள் பிழைக்காமல் போனதுண்டு என்று அந்த மருத்துவர் சொன்னதால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

நான்காம் நாள் அந்தக் கடைக்குப் போனேன். "எத்தனையோ பேர் வாங்கிப் போகிறார்கள், உங்கள் பூனைக்கு வேறு ஏதோ கோளாறு இருந்திருக்கும்" என்றார். பெட்டியைக் காட்டுங்கள் என்று நகராமல் நின்றேன். அரை மனத்தோடு எடுத்து வைத்தார். பெட்டியின் மூலையில், கட்டைவிரல் நகம் அளவில் ஒரு பூனைப் படம், அதன் குறுக்கே சிவப்புக் கோடு. படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று அச்சடித்த எச்சரிக்கை அது. அதைக் கடையிலேயே வைத்துக்கொண்டு, விஷத்தை மட்டும் வெட்டி விற்கிறார். கோபத்தில் எனக்குக் கை நடுங்கியது. ஒரு ஷாம்பூ பாட்டிலை எடுத்து, "இதை இலவசமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அதை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் சொல்லலாம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இழப்பீடும் கேட்கலாம். ஆனால் அங்கிருந்துதான் வாங்கினேன் என்று காட்ட என்னிடம் பில் இல்லை. பத்து ரூபாய்க்கு வாங்கினாலும் பில் கேளுங்கள். தர மறுத்தால் வாங்காமல் திரும்பிவிடுங்கள்.

அடுத்த ஏமாற்று வீட்டுக்கே வந்தது. பஞ்சு கிளினிக்கில் இருந்தபோது, பூச்சி மருந்து அடிக்கும் ஒருவரை அழைத்தோம். ஒரே முறை அடித்தால் ஓராண்டுக்குத் தெள்ளு தலைகாட்டாது, மூலிகை மருந்து என்று சொல்லி 3,500 ரூபாய் வாங்கிப் போனார். அவர் விட்டுச்சென்ற டப்பாவில் சைபர்மெத்ரின் என்றிருந்தது. பெர்மெத்ரினின் உடன்பிறப்பு. பஞ்சு அன்று வீட்டில் இல்லாதது அவள் செய்த புண்ணியம். மீன் தொட்டியை மூடச் சொல்லக்கூட அவருக்குத் தோன்றவில்லை. மகளின் இரண்டு மீன்களும் மறுநாள் காலை மிதந்தன. பதினைந்தாம் நாள் எங்கள் கணுக்காலில் மறுபடியும் தடிப்பு.

ஏன் என்று மருத்துவர் விளக்கினார். பூனையின் மேல் நாம் காணும் தெள்ளு மொத்தத்தில் 5 சதவீதம்தான். மீதியெல்லாம் முட்டையாக, புழுவாக, கூட்டுப்புழுவாகக் கால்மிதியிலும் பாயிலும் சோபா இடுக்கிலும் கிடக்கிறது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளில் 40, 50 முட்டைகூட இடும். அவை ஒட்டாமல் உதிர்ந்து, பூனை படுக்கும் இடமெல்லாம் சிந்தும். கூட்டுப்புழுவின் கூட்டுக்குள் எந்த மருந்தும் போகாது. காலடி அதிர்வும் உடம்புச் சூடும் எட்டும் வரை அது மாதக்கணக்கில் காத்திருக்கும். ஒரே முறையில் ஒழித்துவிடுகிறேன் என்று யார் சொன்னாலும் அது பொய்.

எங்கள் வீட்டில் பலன் தந்தது விலை குறைந்த வழிதான், ஆனால் பொறுமை வேண்டும். மூன்று வாரம் தினமும் வாக்குவம் கிளீனரால் சோபா இடுக்கு, கட்டிலடி எல்லாம் இழுத்து, அந்தத் தூசியை அப்போதே பையில் கட்டி வெளியே போட்டோம். பஞ்சுவின் விரிப்பையும் தலையணை உறைகளையும் வாரம் ஒருமுறை கொதிக்கும் தண்ணீரில் ஊறவைத்துத் துவைத்து வெயிலில் காயப்போட்டோம். அவள் நன்றாகத் தேறிய பிறகு, மருத்துவர் எடை பார்த்து எழுதித் தந்த, பூனைக்கென்றே உள்ள செலமெக்டின் சொட்டு மருந்தை மாதம் ஒருமுறை போட்டோம். மூன்று மாதம் விடாமல். குடல் புழுவுக்கும் ஒரு மாத்திரை கொடுத்தார். நக்கும்போது தெள்ளை விழுங்கும் பூனைக்கு நாடாப்புழு வரும், மலவாயருகே அரிசி போல ஒட்டியிருக்கும்.

சிலர் வேப்பெண்ணெய், கற்பூரம், டீ ட்ரீ எண்ணெய் தடவச் சொன்னார்கள். பூனை தன் உடம்பை நக்கியே சுத்தம் செய்யும் பிராணி. தடவுவதெல்லாம் அதன் வயிற்றுக்குள் போகும். கற்பூரமும் டீ ட்ரீ எண்ணெயும் அதற்கு விஷம். நாய்களின் உண்ணிக்குப் போடும் அமிட்ராஸையும் அருகில் கொண்டுபோகாதீர்கள்.

எட்டு வாரம் ஆகாத குட்டிகளுக்கு நீங்களாக எந்த மருந்தும் போட வேண்டாம். தெள்ளு நிறைய ஏறினால் குட்டிகள் இரத்தசோகையிலேயே செத்துப்போகும் என்பதால் சும்மாவும் விட்டுவிடாதீர்கள். ஈறு வெளுத்திருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மற்றபடி, நெருக்கமான பல் கொண்ட பேன்சீப்பும் சோப்புத் தண்ணீர்க் கிண்ணமும் போதும். கழுத்திலிருந்து வாலடி வரை மெதுவாக வாரி, சீப்பில் சிக்கியதை உடனே கிண்ணத்தில் முக்க வேண்டும். பஞ்சுவுக்கு இன்றும் தினமும் காலையில் அப்படித்தான் வாருகிறேன்.