சொட்டைக்குக் காரணம் போர் தண்ணீரா, பரம்பரையா?

வேளச்சேரிக்கு வீடு மாறிய சில மாதங்களில், சலூன்காரர் பின்னால் கண்ணாடியைப் பிடித்துக் காட்டி, "உச்சியில லேசா தெரியுதே தம்பி, போர் தண்ணியா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். எங்கள் வீட்டு பக்கெட்டின் உள்சுவரில் சுண்ணாம்பு அடித்தது போல வெள்ளைப் படலம் இருக்கும், குழாய் வாயில் உப்பு கட்டியிருக்கும். இந்தத் தண்ணீர் முடியை விட்டுவைக்குமா என்று நானும் நம்பினேன். இரண்டு வருடம் கேன் தண்ணீரில் தலை அலசினேன். உச்சி மட்டும் தெளிந்துகொண்டே போனது.

அப்புறம்தான் ஒரு விஷயம் உறைத்தது. தலையில் ஊற்றும் தண்ணீர் பிடரி வழியாகத்தானே இறங்குகிறது? பிடரி முடிக்கு ஒன்றுமே ஆகவில்லை. உச்சியிலிருந்து ஒரு முடி, பிடரியிலிருந்து ஒரு முடி எடுத்து வெள்ளைத் தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பிடரி முடி கறுப்பு நூல் போல இருந்தது. உச்சி முடி பாதி கனம்கூட இல்லாமல், பூனைமுடி மாதிரி குட்டையாக இருந்தது.

உப்புத் தண்ணீர் முடியைச் சொரசொரப்பாக்கும், சிக்கு விழ வைக்கும், சில நேரம் நடுவில் ஒடிக்கும். இதெல்லாம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முடியில் நடப்பவை. நெற்றியின் இரு ஓரமும் உச்சியும் மட்டும் பார்த்துப் பார்த்து வேரைச் சுருக்கும் வேலை தண்ணீருக்குத் தெரியாது.

அந்த வேலையைச் செய்வது டிஹெச்டி. டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனிலிருந்து உடம்பே உண்டாக்கும் இன்னொரு ஹார்மோன் இது. இதைத் தாங்காத வேர்க்கால்களில் முடி வளரும் காலம் சுற்றுக்குச் சுற்று குறைகிறது, முடியும் மெலிகிறது. 1942-லேயே அமெரிக்க ஆய்வாளர் ஜேம்ஸ் ஹாமில்டன் ஆண் ஹார்மோனுக்கும் வழுக்கைக்கும் உள்ள தொடர்பைக் கவனித்தார். பருவமடையும் முன்பே விரைகள் செயலிழந்த ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்குத்தான் விழுந்தது. ஆகவே ஹார்மோன் அதிகம் என்பதல்ல சிக்கல், வேர்க்காலின் கூச்சம்தான். அது பிறப்பிலேயே வருவது.

"தாய்மாமன் தலையைப் பாரு" என்று வீட்டில் சொல்வதில் பாதி உண்மை. இதில் முக்கியமான ஒரு மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது, ஆணுக்கு அது அம்மாவிடமிருந்துதான் வரும். ஆனால் வேறு பல மரபணுக்களும் சேர்ந்திருப்பதால் அப்பா பக்கத்தையும் பார்க்க வேண்டும். என் மாமாவுக்கு அறுபதிலும் அடர்ந்த முடி. அதைப் பார்த்துத்தான் பரம்பரை இல்லை என்று முடிவுகட்டியிருந்தேன். அப்பாவின் பழைய போட்டோவை எடுத்துப் பார்க்கத் தோன்றவே இல்லை.

ஹெல்மெட் போட்டால் காற்றுப் படாமல் முடி கொட்டும் என்பார்கள். அதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வியர்வையில் பொடுகு கூடலாம், இறுக்கமாக உரசினால் முடி ஒடியலாம். வேருக்கு ஊட்டம் ரத்தத்தில் வருகிறது, காற்றில் அல்ல. தயவுசெய்து அதற்காக ஹெல்மெட்டைக் கழற்றாதீர்கள்.

உண்மையில் பரம்பரையோடு குழப்பிக்கொள்ள வாய்ப்புள்ளது காய்ச்சல்தான். டெங்கு, டைபாய்டு மாதிரி ஒன்று வந்து போய் இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டும். தலையணையிலும் குளியலறை ஜல்லடையிலும் பார்க்கும்போது பயமாக இருக்கும். இது தலை முழுக்கச் சமமாகக் கொட்டும், பெரும்பாலும் சில மாதங்களில் திரும்ப முளைத்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகியவையும் இப்படித்தான் பரவலாகக் கொட்ட வைக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். பரம்பரை வழுக்கையில் கொத்தாக ஒன்றும் கொட்டாது, நெற்றி மெல்ல ஏறும்.

கடைசியில் தோல் மருத்துவரிடம் போனபோது அவர் உச்சியை லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, தண்ணீரைப் பற்றிக் கேட்கவே இல்லை. "எப்போ ஆரம்பிச்சுது?" என்றுதான் கேட்டார். மினாக்சிடில், ஃபினாஸ்டிரைடு மாதிரி மருந்துகள் இருக்கும் முடியைக் காப்பதில்தான் நன்றாக வேலை செய்யும், முற்றிலும் சுருங்கிப்போன வேரை எழுப்புவது கடினம் என்றார். கேன் தண்ணீரில் போன இரண்டு வருடத்தை நினைத்துக்கொண்டே பதில் சொன்னேன்.