விண்டோஸ் 11 ஹோம்: வாங்கிய பிறகும் வாங்கச் சொல்லும் கணினி

அம்மாவுக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தேன். 1,100 வெள்ளி, உள்ளே விண்டோஸ் 11-இன் ஹோம் என்ற வீட்டுப் பதிப்பு. சிங்கப்பூரில், யீஷூன் வீட்டில் நானும் அதை அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன்.

நல்லதை முதலில் சொல்கிறேன். எழுத்தைப் பெரிதாக்குவது சுலபம். தமிழ்99 விசைப்பலகை கூடவே வருகிறது, மொழியைச் சேர்த்தால் போதும், காசு இல்லை. தமிழில் தட்டச்சு செய்யத் தனி மென்பொருள் தேடி அலைந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

வருத்தம் வீடியோவில்தான். தீபாவளி ஒளியூட்டுப் பார்க்க லிட்டில் இந்தியா போனபோது அக்கா தன் மகனை ஐபோனில் எடுத்து, பென்டிரைவில் போட்டுக் கொடுத்தாள். ஐபோன் 2017-இலிருந்து வீடியோவை ஹெச்இவிசி என்ற வடிவில்தான் சேமிக்கிறது, நாமாக மாற்றினால் ஒழிய. விண்டோஸின் சொந்தச் செயலியில் அதைப் பார்க்க மைக்ரோசாப்ட் ஸ்டோரில் ஒரு சிறு நீட்சியை வாங்க வேண்டும், விலை 99 அமெரிக்கக் காசு. சில கணினி நிறுவனங்கள் அதைத் தாங்களே போட்டுக் கொடுக்கின்றன, அம்மாவின் கணினியில் இல்லை. அந்த வடிவத்துக்குக் காப்புரிமைக் கட்டணம் இருக்கிறது, புரிகிறது. ஆனால் ஆப்பிள் அதே 2017-இல் மேக்கில் அதைச் சேர்த்தே கொடுத்துவிட்டதே, கணினியின் விலையோடு முடித்துக்கொள்ளலாம் அல்லவா?

99 காசு பெரிய பணம் இல்லை, ஒரு கோப்பியின் விலையே அதைவிடக் கூட. எனக்கு உறுத்துவது வேறு. திரையில் யாராவது கார்டு எண் கேட்டால் தொடாதே, சந்தேகம் வந்தால் மோசடி உதவி எண் 1799-க்குக் கூப்பிடு என்று அம்மாவுக்குப் பல மாதமாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், போனில் ஸ்கேம்ஷீல்டு என்ற மோசடித் தடுப்புச் செயலியும் போட்டுவிட்டோம். அப்படிப் பழகியவர் பேரனின் வீடியோவைத் திறந்ததும் "வாங்கு" என்று ஒரு பெட்டி வந்தால் என்ன செய்வார்? மூடிவிட்டுப் போய்விட்டார். சரியாகத்தான் செய்தார். உண்மையான பெட்டியையும் மோசடிப் பெட்டியையும் வயதானவர்கள் பிரித்துப் பார்க்க வேண்டிய இடத்தில் கொண்டுபோய் நிறுத்துவது தவறு, அதுவும் ஒரு வீடியோ பார்க்க.

டிவிடி கதையும் இதேதான். விண்டோஸ் 7 ஹோம் பிரீமியத்தில் டிவிடி ஓடியது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோது எடுத்துவிட்டார்கள், இப்போது அதற்கான செயலி ஸ்டோரில் 14.99 அமெரிக்க டாலர். அப்பாவின் அறுபதாம் கல்யாண டிவிடி இன்னும் அலமாரியில் இருக்கிறது. அதற்கு முன்பே, 2009-இல் வந்த விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரில் திரையின் பின்னணிப் படத்தைக்கூட மாற்ற முடியாது! மாற்ற வேண்டுமென்றால் மேல் பதிப்புக்குப் பணம் கட்ட வேண்டும்.

அப்புறம் ப்ரோ என்ற மேல் பதிப்பு. வேலையிடத்திலிருந்து அம்மாவின் கணினிக்குள் ரிமோட் டெஸ்க்டாப் வழியாக நுழைந்து ஏதாவது சரிசெய்யலாம் என்றிருந்தேன். ஹோம் பதிப்பிலிருந்து வெளியே இணையலாம், வெளியிலிருந்து அதற்குள் வர முடியாது. அதற்கு ப்ரோவுக்கு மாற வேண்டும், 99 அமெரிக்க டாலர். லேப்டாப் வாங்கிய கடையில் ஹோமும் ப்ரோவும் ஒன்றுதான் என்று சொன்னார்கள், கூடவே 'செட்டப்' செய்ய 50 வெள்ளி கேட்டார்கள், நான் கொடுக்கவில்லை. குயிக் அசிஸ்ட் என்ற இலவச வழி இருக்கிறது, நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் ஒவ்வொரு தடவையும் நான் சொல்லும் குறியீட்டை அம்மா அங்கே உட்கார்ந்து தட்ட வேண்டும். ப்ரோவில் நிறுவனங்களுக்கான வசதிகள் நிறைய, அவற்றுக்குப் பணம் கேட்கட்டும். பெற்றோருக்கு உதவுவது நிறுவன வேலையா?

என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. வாங்கப் போகிறவர்கள் பெட்டியில் ஹோமா ப்ரோவா என்று பார்த்துவிட்டே காசைக் கொடுங்கள். வீடியோவுக்கு விஎல்சி என்ற இலவசச் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள், லாப நோக்கமில்லாத அமைப்பு ஒன்று நடத்துகிறது, ஹெச்இவிசி, டிவிடி இரண்டும் ஓடும், கார்டு எண் கேட்காது. அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள், போலிகள் இருக்கின்றன. அம்மா இப்போது விஎல்சியின் ஆரஞ்சுக் கூம்புச் சின்னத்தைத்தான் தேடி அழுத்துகிறார், பேரன் ஓடிவரும் இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் பார்க்கிறார். அப்பாவின் டிவிடிக்கு, வெளியே பொருத்தும் டிரைவ் ஒன்று இந்த வாரம் வாங்க வேண்டும்.