பேர்தான் கோல்ட் ஏர்: மஸ்டாங்கில் மூன்று வருட இன்டேக் அனுபவம்

போன புதன்கிழமை காலை எலக்ட்ரானிக் சிட்டி மேம்பாலத்தில் ஏறும்போது டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு எரிந்தது. செக் என்ஜின். வண்டி நிற்கவில்லை, குலுங்கவும் இல்லை. ஆனால் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்ந்தது. அன்று சாயங்காலமே கோயம்புத்தூரிலிருந்து மச்சினன் கேட்கிறான்: "மாமா, நீங்க கோல்ட் ஏர் இன்டேக் போட்டு மூணு வருஷம் ஆச்சுல்ல? எப்படி இருக்கு? நானும் ஒண்ணு வாங்கலாமா?" அவன் கேட்ட நேரம் சரியில்லை. அவனுக்கு அனுப்ப ஆரம்பித்த பதில்தான் இப்படி நீண்டுவிட்டது.

வண்டி 2018 ஃபோர்டு மஸ்டாங் ஜிடி, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. 5 லிட்டர் வி8, காற்றை அமுக்கித் திணிக்கும் டர்போ கிடையாது, சுமார் 400 குதிரைத்திறன். இதெல்லாம் தெரிந்தவர்கள்தான் இதைப் படிக்கப் போகிறீர்கள், அதனால் வண்டியை விட்டுவிடுகிறேன். ஒரு குழாய், ஒரு கூம்பு ஃபில்டர், வெப்பத்தைத் தடுக்க ஒரு பிளாஸ்டிக் தட்டி, இந்த மூன்றும் சேர்ந்ததுதான் கோல்ட் ஏர் இன்டேக், என்ஜினுக்குக் குளிர்ந்த வெளிக்காற்றை இழுத்துத் தருவதற்கான சாமான். அதைப் பற்றித்தான் பேச்சு. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தேன். கூரியர், சுங்க வரி எல்லாம் சேர்ந்து அல்சூரில் என் வீட்டு வாசலுக்கு வரும்போது 61 ஆயிரம் ஆகியிருந்தது. தயாரித்த கம்பெனியின் பெயர் வேண்டாம். நடந்ததில் பாதிக்கு மேல் என் தப்பு.

பார்சல் அட்டை மேல் '15 குதிரைத்திறன் வரை கூடும்' என்று போட்டிருந்தது. அந்த 'வரை'யில் பூஜ்யமும் அடங்கும் என்பது ஆடித் தள்ளுபடி போர்டுகளைப் பார்த்து வளர்ந்த எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். மாட்டுவதற்கு முன்னால் ஒரு ஞாயிறு விடிகாலையில், மாட்டிய பிறகு அடுத்த ஞாயிறு விடிகாலையில், அதே ரோட்டில், 60-லிருந்து 100-க்கு எவ்வளவு நேரம் என்று போன் ஜிபிஎஸ்ஸில் மும்மூன்று தடவை அளந்தேன். வண்டியோடு வந்த பழைய ஃபில்டர் பெட்டியோடு எடுத்த மூன்று அளவுகளுக்குள் இருந்த வித்தியாசமே பழசுக்கும் புதுசுக்கும் இருந்த வித்தியாசத்தைவிட அதிகம். அதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இத்தனைக்கும் காரணம் ரொம்ப எளிது. வண்டியோடு வந்த பெட்டியும் முன்பக்கத்திலிருந்து வெளிக்காற்றைத்தான் இழுக்கிறது. அதுவும் கோல்ட் ஏர்தான், மேலே அப்படி எழுதவில்லை, அவ்வளவே.

சரி, குளிர்ச்சிக்கு வருவோம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதுதான். மெக்கானிக்குகள் கோளாறு பார்க்கும் ஓபிடி போர்ட்டில் ஒரு சின்ன ப்ளூடூத் கருவியைச் செருகி, உள்ளே போகும் காற்றின் வெப்பநிலையைப் போனில் பார்க்கும் கெட்ட பழக்கம் வந்துவிட்டது. பேட்டரி இறங்காமல் இருக்க வாரத்துக்கு ஒருநாள் இந்த வண்டியில்தான் ஆபீஸ் போவேன். வெளியே 27 டிகிரி. டொம்லூர் தாண்டும்போது 38. கோரமங்கலாவில் 47. சில்க் போர்டில் 20 நிமிடம் நின்றால் 61. குளிர்ந்த காற்றுக்கென்று 61 ஆயிரம் கொடுத்து, அதே 61 டிகிரிக் காற்றைக் குடிக்கிறது என் வண்டி. பழைய பெட்டியில் இதே சிக்னலில் 50-ஐத் தாண்டியதில்லை. அது நாலு பக்கமும் மூடிய பெட்டி. இதில் ஃபில்டர் திறந்தபடி உட்கார்ந்திருக்கிறது, தட்டிக்கும் பானட்டுக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டைதான் காவல். அந்த ரப்பரும் இரண்டாவது வெயில் காலத்தில் பிய்ந்துகொண்டு வந்துவிட்டது. ஜே.சி. ரோட்டில் கதவுக்குப் போடும் ரப்பர் பீடிங் 150 ரூபாய்க்கு வாங்கி நானே ஒட்டினேன். சொன்னால் சிரிப்பீர்கள், அது இன்னும் அப்படியே இருக்கிறது.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். வெப்பநிலையை அளக்கும் சென்சாரும் அந்தச் சூட்டிலேயே கிடந்து வேகிறது, அதனால் 61 என்று காட்டுவதில் கொஞ்சம் மிகை இருக்கும். அப்புறம், மேம்பாலத்தில் ஏறி இரண்டு நிமிடம் ஓடினால் 35-க்கு இறங்கிவிடும். ஓடுகிற வண்டிக்காகச் செய்த சாமான் இது. பெங்களூரில் வண்டி ஓடாதது இன்டேக்கின் குற்றமா? ஆனால் அப்படி நியாயம் பேசினால் என் 61 ஆயிரத்துக்கு யார் நியாயம் பேசுவது?

இந்தக் கணக்கைக் கிளறப் போய் இன்னொன்று அகப்பட்டது. காற்று 10 டிகிரி குளிர்ந்தால் அடர்த்தி சுமார் 3 சதவீதம் கூடும். பெங்களூர் இருப்பதோ கடல் மட்டத்துக்கு மேல் 900 மீட்டருக்குக் கொஞ்சம் கூட. இங்கே காற்றழுத்தம் சென்னையைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத என்ஜினுக்கு இது நேரடி நஷ்டம். 400 குதிரையில் ஏறக்குறைய 40 குதிரையை இந்த ஊருக்கு வாடகையாகக் கட்டிவிட்டுத்தான் ஓட்டுகிறேன். இங்கே 25 டிகிரியில் ஜில்லென்று வீசுகிற காற்றைவிட, சென்னையில் 35 டிகிரியில் வியர்த்து வழியும் காற்று அடர்த்தியானது. அங்கிருக்கும் ஈரப்பதத்தைக் கழித்துப் பார்த்தாலும் என்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் 6 சதவீதம் கூடுதல். போன மே மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னை போனபோது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வண்டிக்கு ஏதோ பிடித்துக்கொண்ட மாதிரி இருந்ததன் ரகசியம் இதுதான். பவர் வேண்டுமென்றால் இன்டேக் வேண்டாம், கிருஷ்ணகிரி வழியாகக் கீழே இறங்கினால் போதும். செலவு டோலும் பெட்ரோலும்.

இனி சத்தம். இதைப் பற்றிக் கோபத்தோடு எழுத என்னால் முடியவில்லை.

வண்டியோடு வந்த பெட்டியின் வேலையில் பாதி, என்ஜின் மூச்சிழுக்கும் ஒலியை அமுக்குவது. அந்தப் பெட்டியை எடுத்துவிட்டால் எட்டு சிலிண்டரும் காற்றை இழுப்பது காதில் விழும். சைலன்சர் சத்தம் வேறு, அது பின்னாலிருந்து ஊருக்குக் கேட்பது. இது முன்னாலிருந்து ஓட்டுகிறவனுக்குக் கேட்பது. 3,000 ஆர்பிஎம் வரை ஒன்றும் தெரியாது. 3,500-ஐத் தாண்டியதும் அடித்தொண்டையில் ஒரு உறுமல் கிளம்பும், தவிலில் தொப்பிப் பக்கத்துக்கு அப்படியொரு கனம் உண்டு. கண்ணாடியை இறக்கிவிட்டு மதில் சுவரை ஒட்டிப் போனால் சுவர் அதைத் திருப்பித் தரும். நந்தி மலைக்குப் போகும் விடிகாலைகளில் பாட்டே போடுவதில்லை. அம்மா முதல் தடவை ஏறியபோது, "என்னடா, வண்டிக்கு வீசிங்கா?" என்று கேட்டாள். எங்கள் அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் அண்ணன் தர்மபுரிக்காரர். தெருமுனையில் நான் திரும்பும்போதே சத்தம் கேட்டுக் கேட்டைத் திறந்து வைத்துவிடுவார். மூன்று வருடத்தில் ஒருநாள்கூட நான் அங்கே நின்றதில்லை.

இப்போது அந்த மஞ்சள் விளக்கு. இது எண்ணெய் போட்ட பருத்தி ஃபில்டர். காகித ஃபில்டர் மாதிரி தூக்கிப் போட வேண்டாம், கழுவி மறுபடி போடலாம் என்பது இதன் பெருமை. ஆனால் அவுட்டர் ரிங் ரோட்டில் மெட்ரோவுக்குத் தோண்டிய புழுதியில் 4,000 கிலோமீட்டருக்கே செங்கல் நிறத்துக்கு வந்துவிடும். கரைசலைத் தெளித்து, உள்ளிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விட்டு, நிழலில் காயவைக்க வேண்டும். ஹேர் டிரையர் கூடாது, கம்ப்ரஸர் காற்று கூடாது. ஜூலை மாதப் பெங்களூரில் அது காய ஒன்றரை நாள். மொட்டைமாடியில் அம்மாவின் மோர் மிளகாய்த் தட்டுக்குப் பக்கத்தில்தான் அதற்கும் இடம். இரண்டும் ஒரே வேகத்தில்தான் காய்ந்தன.

காய்ந்த பிறகு எண்ணெய் தெளிக்க வேண்டும், லேசாக. இந்தத் தடவை நான் லேசாகத் தெளிக்கவில்லை. நிறம் திட்டுத் திட்டாக இருக்கிறதே என்று இன்னொரு சுற்று, அப்புறம் இன்னும் ஒரு சுற்று. ஃபில்டருக்கு அடுத்தபடியாகக் குழாயில் இருப்பது காற்றை அளக்கும் மாஃப் சென்சார். அதில் மயிரிழை போன்ற ஒரு கம்பியை மின்சாரத்தால் சூடாக வைத்திருப்பார்கள். போகிற காற்று அதை எவ்வளவு குளிர்விக்கிறது என்பதை வைத்துத்தான் எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்று கம்ப்யூட்டர் முடிவு செய்கிறது. கம்பியில் எண்ணெய் படிந்து, எண்ணெயில் தூசி ஒட்டினால் அதற்குக் காற்று குறைவாகத் தெரியும். பெட்ரோலும் குறையும். கம்ப்யூட்டர் கொஞ்ச நாள் சரிக்கட்டிப் பார்த்துவிட்டு, முடியாதபோது விளக்கைப் போடும். எனக்கு வந்த எரர் கோட்கள் பி0171, பி0174. இரண்டு பக்க சிலிண்டர் வரிசையிலும் பெட்ரோல் போதவில்லை என்று அர்த்தம்.

வில்சன் கார்டன் பக்கம் ஒரு சின்ன கராஜ். மெக்கானிக் குழாயைக் கழற்றி, விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "சார், ஃபில்டருக்கு எண்ணெய் போட்டீங்களா, தாளிச்சீங்களா?" சென்சாருக்கென்றே விற்கும் ஸ்ப்ரேயால் கழுவினார், எரர் கோட்களை அழித்தார், 1,800 ரூபாய் வாங்கினார். போகிற போக்கில் ஒரு வெள்ளைத் துணியால் குழாயின் உள்பக்கத்தைத் துடைத்துக் காட்டினார். ஃபில்டரைத் தாண்டிய பக்கம், சுத்தமாக இருக்க வேண்டிய பக்கம். துணியில் மெல்லிய பழுப்புப் படலம். அந்த விளக்கைவிட இந்தத் துணிதான் என்னைக் கலக்கியது. நுண்தூசியைப் பிடிப்பதில் காகித ஃபில்டர் பொதுவாக மேல் என்று படித்ததுண்டு. படிப்பது வேறு, நம் வண்டியின் குழாய்க்குள்ளிருந்து வந்த துணியைப் பார்ப்பது வேறு.

மழையைப் பற்றி ஒரு வார்த்தை. என் இன்டேக்கில் ஃபில்டர் பழைய பெட்டி இருந்த உயரத்திலேயே இருக்கிறது, அந்த வகையில் தப்பித்தேன். சில வண்டிகளுக்கு பம்பருக்குப் பின்னால் தாழ்வாக வைப்பது மாதிரி வருகிறது. 2022 செப்டம்பரில் பெல்லந்தூரும் சர்ஜாபூர் ரோடும் வெள்ளத்தில் எப்படிக் கிடந்தன என்று பார்த்தவர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். தண்ணீர் சிலிண்டருக்குள் போனால் அமுங்காது, பிஸ்டனைத் தள்ளும் கனெக்டிங் ராடுதான் வளையும். சாதாரண இன்ஷூரன்ஸில் அதற்குக் காசு வராது, தனியாக என்ஜின் பாதுகாப்புச் சேர்க்க வேண்டும். அதிலும் மாற்றி மாட்டிய சாமானைச் சொல்லாமல் விட்டிருந்தால் பேச்சே கிடையாது.

மச்சினன் வண்டி பிஎம்டபிள்யூ எம்340ஐ, டர்போ. அவனுக்கு என் கணக்கு அப்படியே பொருந்தாது. டர்போ காற்றை அமுக்கிச் சூடாக்கும், இன்டர்கூலர் அதைக் குளிர்விக்கும், அதற்கு முன்னால் நாலு டிகிரி கூடக்குறைய வந்தால் வித்தியாசம் சொற்பம். உயரத்தால் வரும் நஷ்டத்தையும் டர்போ பெருமளவு ஈடுகட்டிவிடும். அவனுக்குக் கிடைக்கப்போவது உறுமல்கூட இல்லை, டர்போ காற்று வாங்கும் 'உஸ்ஸ்' மட்டும்தான். குக்கர் ஆவி விடுகிற மாதிரி இருக்கும்.

ஆகவே, வாங்காதே. 61 ஆயிரத்துக்கு இரண்டு நல்ல டயர் வரும். வண்டி நிஜமாகவே மாறியது தெரியும். பவர் இல்லை, குளிர்ச்சி இல்லை, அவ்வப்போது மொட்டைமாடி வேலை, போதாததற்கு அந்தப் பழுப்புத் துணி. என் வண்டியில் மெக்கானிக்கை விட்டுப் பழைய பெட்டியையே மாட்டச் சொல்லிவிட்டேன், புதுக் காகித ஃபில்டரோடு. நேற்று சில்க் போர்டில் 49-தான் காட்டியது. இன்டேக் பரணில் கொலுப் பொம்மைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. வேண்டுமென்றால் வந்து பார்த்துக்கொள், உன் வண்டிக்குப் பொருந்தாது.

நேற்று ராத்திரி வீடு திரும்பும்போது கேட் சாத்தியிருந்தது. ஹாரன் அடித்தேன். வாட்ச்மேன் அண்ணன் வந்து டார்ச் அடித்துப் பார்த்து, "சார், நீங்களா? வேற வண்டின்னு நினைச்சேன்" என்றார்.