டட்சன் 280இசட் இன்ஜெக்டர்: பழையதையே சரிசெய்வதா, புதுசு போடுவதா, ஈவி14-க்கு மாறுவதா?

1975 முதல் 78 வரை வந்த டட்சன் 280இசட் காரில், எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தெளிக்கும் ஆறு இன்ஜெக்டர்களும் கைவைக்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்டால் மூன்று வழி உண்டு. இருப்பதையே கழற்றி, அல்ட்ராசானிக்கில் சுத்தம் செய்து, சீலும் ஹோஸும் மாற்றிப் போடலாம். அதே மாடலில் புதுசு வாங்கலாம். இல்லையென்றால் அவற்றுக்குப் பெட்ரோல் கொண்டுவரும் ரெயில் குழாயையும் சேர்த்து மாற்றி நவீன ஈவி14 வகைக்குப் போகலாம். நான் தேர்ந்தது முதல் வழி. அந்தப் பக்கம் சாய்ந்துதான் இதை எழுதுகிறேன்.

செலவு முதல் வழியில் குறைவு, மூன்றாவதில் அதிகம். முதல் இரண்டிலும் எஞ்சின் பழைய தோற்றத்தோடு இருக்கும். சுத்தம் செய்யக் கொடுத்தால் அது திரும்பி வரும்வரை வண்டி நிற்கும். இவை எல்லோருக்கும் தெரிந்தவை. முடிவைத் தீர்மானிப்பது இன்ஜெக்டருக்கும் அதை இயக்கும் மின்னணுப் பெட்டியான இசியுவுக்கும் உள்ள பொருத்தம்தான்.

இந்த வண்டியின் பாஷ் எல்-ஜெட்ரானிக் இன்ஜெக்ஷன் அமைப்பில் ஆக்சிஜன் சென்சார் கிடையாது. ஏர் ஃப்ளோ மீட்டர் காற்றை அளக்கிறது, இசியு அதற்கேற்ற நேரம் இன்ஜெக்டரைத் திறக்கிறது, அவ்வளவுதான். கலவை சரியாக எரிந்ததா என்று திரும்பிப் பார்க்க எதுவும் இல்லை. அதோடு ஆறு இன்ஜெக்டரும் கிராங்க் ஒரு சுற்றுக்கு ஒரு முறை ஒன்றாகவே திறக்கும். மூன்றாவது சிலிண்டரின் இன்ஜெக்டர் குறைவாக அடித்தால் அந்த சிலிண்டர் லீனாகவே, அதாவது பெட்ரோல் குறைவாகவே ஓடும். இசியுவுக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொரு சிக்கலும் உண்டு. மின்சாரம் வந்ததும் இன்ஜெக்டர் உடனே திறப்பதில்லை, சிறு தாமதம் இருக்கும். பழைய இன்ஜெக்டரின் காயில் சுமார் 2.5 ஓம், அதற்குத் தொடரில் கரண்டைக் குறைக்கும் ஒரு டிராப்பிங் ரெசிஸ்டர். இந்த ஜோடியின் தாமதத்தைக் கணக்கில் வைத்துத்தான் இசியு வடிவமைக்கப்பட்டது. புது இன்ஜெக்டரின் தாமதம் 0.3 மில்லிவிநாடி மாறுகிறது என்று வைத்துக்கொள்வோம். ஐடிலில் (வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும்போது) இன்ஜெக்டருக்குப் போகும் துடிப்பு 2.5 மில்லிவிநாடி என்றால் அது 12 சதவீத வித்தியாசம். முழு லோடில் 9 மில்லிவிநாடி போகும்போது அதே 0.3 வெறும் 3 சதவீதம். அதனால் வேகத்தில் வண்டி நன்றாக இழுக்கும், ஐடிலில் மட்டும் தடுமாறும். ஏர் ஃப்ளோ மீட்டரின் பைபாஸ் ஸ்க்ரூவைத் திருகி ஐடிலைச் சரிக்கட்டலாம், ஆனால் மெதுவாக ஓட்டும் இடைப்பட்ட நிலையில் பிழை மிஞ்சும். கூலன்ட் சென்சார் ஒயரில் ரெசிஸ்டர் சேர்ப்பதும் இதற்கு மருந்தாகாது. அது எல்லா நிலையிலும் ஒரே விகிதத்தில் ரிச் ஆக்கும், அதாவது பெட்ரோலைக் கூட்டும். இங்கே இருப்பதோ நிலைக்கு நிலை விகிதம் மாறும் பிழை.

ஈவி14-இன் ஸ்ப்ரே நன்றாக இருக்கும், ஓ-ரிங்கில் உட்காருவதால் ஹோஸ் வேலையும் இல்லை. ஆனால் அதன் காயில் பொதுவாக 12 ஓம் அளவில் இருக்கும். டிராப்பிங் ரெசிஸ்டரை அப்படியே விட்டால் கரண்ட் போதாமல் மந்தமாகத் திறக்கும், ஸ்டார்ட் செய்யும்போது பேட்டரி வோல்டேஜ் இறங்கினால் திறக்காமலே போகலாம். ஆகவே ரெசிஸ்டரை நீக்க வேண்டும். பிறகு யாராவது பழைய இன்ஜெக்டரை மறுபடி மாட்டி, ரெசிஸ்டரைத் திரும்பப் போட மறந்தால் இசியுவின் டிரைவர் டிரான்சிஸ்டர் எரியும். ஃப்ளோ எண்ணிலும் கவனம் வேண்டும். 3 பார் பெட்ரோல் பிரஷரில் நிமிடத்துக்கு 200 சிசி என்றால் இந்த வண்டியின் 2.5 பாரில் அது 183 சிசிதான். புரோகிராம் செய்யக்கூடிய தனி இசியு போடுபவருக்கு இது எதுவும் பிரச்சினை இல்லை. தாமதத்தை அட்டவணையில் திருத்திக்கொள்வார், அவருக்கு ஈவி14 நல்ல தேர்வே. ஈவி14-ஐப் பல வருடம் ஓட்டிய அனுபவம் எனக்கில்லை என்பதால் அதன் ஆயுளைப் பற்றிப் பேசவில்லை.

அதே மாடலில் புதுசு வாங்குவது நல்ல வழிதான், கிடைப்பது உண்மையிலேயே அதே ஸ்பெக்காக இருந்தால். வந்ததும் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பாருங்கள். 2 முதல் 3 ஓமுக்குள் இல்லாவிட்டால் மாட்ட வேண்டாம். டர்போ 280இசட்எக்ஸ்-இன் இன்ஜெக்டர் பார்க்க ஏறக்குறைய இதுபோலவே இருந்தாலும் அதிகம் அடிக்கும். ரீபில்ட் என்று விற்கும் செட்டில் ஆறும் ஒரே அளவு அடிக்கும் என்று நம்பிவிடக் கூடாது. எப்படியும் இன்ஜெக்டர் அடிக்கும் அளவைச் சோதிக்கும் டெஸ்ட் பெஞ்சுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால், முதலில் உங்களுடையதையே கொண்டுபோங்கள்.

பெஞ்சில் மூன்று விஷயம் கேளுங்கள்: சுத்தத்துக்கு முன்னும் பின்னும் ஃப்ளோ எண், மூடிய நிலையில் சொட்டுகிறதா, ஸ்ப்ரே கூம்பாக வருகிறதா. ஆறும் 3 சதவீதத்துக்குள் வந்தால் போதும். சுத்தத்துக்குப் பிறகும் சொட்டுவதை ஒதுக்கிவிடுங்கள். உள்ளே இருக்கும் ஃபில்டர் கூடையும் நுனியின் பிளாஸ்டிக் தொப்பியும் புதிதாகப் போட வேண்டும். தொப்பி விரிசல் விட்டிருந்தால் ஸ்ப்ரே ஒரு பக்கமாகச் சாயும். வேலை முடிந்தால் உங்கள் கையில் இருப்பது இசியு எதிர்பார்க்கும் அதே தாமதம், அதே ஓம், கூடவே ஆறுக்கும் எழுதி வைத்த எண்.

கழற்றும்போது முதலில் பெட்ரோல் பிரஷரை இறக்குங்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, குளிரில் ஸ்டார்ட் ஆகக் கூடுதல் பெட்ரோல் தரும் கோல்ட் ஸ்டார்ட் வால்வின் கனெக்டரை எடுத்து, அதற்குத் தனி ஒயரில் 2 அல்லது 3 விநாடி 12 வோல்ட் கொடுத்தால் போதும். இன்ஜெக்டர் ஹோல்டர் ஸ்க்ரூக்கள் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர) வகை. சாதாரண ஃபிலிப்ஸ் பிட் போட்டால் தலை வழுக்கிப் போகும், ஊடுருவும் ஆயில் அடித்து ஊறவிட்டு ஜேஐஎஸ் பிட்டால் எடுங்கள். கீழ் சீல் காய்ந்து மேனிஃபோல்டில் ஒட்டியிருக்கும். துண்டுகள் போர்ட்டுக்குள் விழாமல் வாக்குவம் பிடித்தபடி பிளாஸ்டிக் கொக்கியால் எடுக்க வேண்டும்.

நான் அதிகம் கவலைப்படுவது ஹோஸைப் பற்றித்தான். இந்த வண்டியின் எல்28 எஞ்சினில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் இன்டேக்கின் அடியிலேயே இருக்கிறது, கசியும் பெட்ரோல் நேராகச் சூட்டின் மேல் விழும். பழைய ஹோஸைக் கத்தியால் அறுத்தால் ஹோஸ் மாட்டியிருக்கும் இன்ஜெக்டரின் வாலில் கீறல் விழும், அந்தக் கீறல் வழியே கசியும். கையேடு சொல்வது 150 வாட் சால்டரிங் அயர்ன்: நன்றாகச் சூடாக்கி, நீளவாக்கில் நூல் வலை வரைக்கும் மட்டும் உருக்கி, பிறகு கையால் உரிப்பது. பெட்ரோலை முழுக்க வடித்துவிட்டு, வண்டியிலிருந்து தள்ளி வைத்துச் செய்யுங்கள். இன்ஜெக்டரை வைஸில் பிடிக்கவே கூடாது. புது ஹோஸ் எஸ்ஏஇ ஜே30ஆர்9 தரத்தில் இருக்கட்டும். கார்புரேட்டர் வண்டிக்கான ஆர்7 இதற்கு ஆகாது. கிளாம்ப் ஓரம் மடிந்த ஃப்யூயல் இன்ஜெக்ஷன் வகையாக வேண்டும், பல் போட்ட பட்டை ஹோஸை அறுக்கும்.

புது சீல்களுக்கு மெல்லிய எஞ்சின் ஆயில் பூசி நேராக அழுத்துங்கள், திருகி இறக்கினால் முறுக்கிக்கொள்ளும். இந்த வண்டியில் சாவியை ஆன் செய்தால் மட்டும் பம்ப் ஓடாது. ஸ்டார்ட்டர் சோலினாய்டின் சிறு ஒயரைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் நிலையில் பிடித்தால் ஓடும். அப்போது ஒருவர் சாவியைப் பிடிக்க, இன்னொருவர் தீயணைப்பானோடு பன்னிரண்டு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் ஓடத் தொடங்கியபின் ஐடில் ஏறி இறங்கினால் கீழ் சீல்களைச் சந்தேகியுங்கள். ஏர் ஃப்ளோ மீட்டரைத் தாண்டி நுழையும் காற்று கணக்கில் வராது, கலவை லீனாகும். கோல்ட் ஸ்டார்ட் வால்வின் ஹோஸும் அதே வயதுதான், ரெயில் வெளியே இருக்கும்போதே அதையும் மாற்றிவிடுங்கள்.