கும்பகோணம் வீட்டில் மறுபடியும் இன்டர்நெட்

2003 டிசம்பரில் மூன்று வாரம் ஊரில் இருந்தேன். நியூஜெர்சியிலிருந்து கிளம்பும் முன்பே அப்பா போனில் சொல்லிவிட்டார்: "ஒரு மாசமா இன்டர்நெட் வரலப்பா, நீ வந்து பாரு." பேத்தியின் படங்களை மின்னஞ்சலில் பார்க்கத்தான் அவர் அந்தக் கணினியையே வாங்கினார். அதனால் வந்த அன்றே அதன் முன் உட்கார்ந்துவிட்டேன்.

விண்டோஸ் 98 கணினி, போன் லைன் வழியாக டயல் செய்து இன்டர்நெட்டில் இணைக்கும் 56கே மோடம். டயல் செய்தால் 678 என்று பிழை வந்தது. அதாவது, மறுமுனை பதில் தரவில்லை. மணிக்கணக்கில் சந்தா எடுத்திருந்த இன்டர்நெட் நிறுவனத்தின் உதவி எண் இரண்டு நாளும் எங்கேஜ்டு. ஒருவழியாகக் கிடைத்தபோது பேசிய பெண் பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் "இன்னும் 60 மணி நேரம் பாக்கி இருக்கு சார்" என்பதற்கு மேல் அவரிடம் தகவல் இல்லை. டயல் எண்ணே மாறிவிட்டது என்று சொன்னவர் மகாமகக் குளத்துப் பக்கம் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த தம்பி. 172 என்று தொடங்கும் புதிய எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

எண்ணை மாற்றியதும் இணைப்பு கிடைத்தது, ஆனால் ஒரு பக்கமும் திறக்கவில்லை. இங்கேதான் அரை நாள் போனது. மறுமுனை பதில் தருகிறதா என்று பார்க்கும் பிங் கட்டளையை எண் முகவரிக்குக் கொடுத்தால் பதில் வருகிறது, தளத்தின் பெயரைக் கொடுத்தால் வரவில்லை. அப்படியானால் கோளாறு, தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில். முன்பு யாரோ கையால் அடித்து வைத்த பழைய டிஎன்எஸ் முகவரிகள் அப்படியே கிடந்தன. விண்டோஸ் 98இல் அவை இரண்டு இடத்தில் ஒளிந்திருக்கும்: கண்ட்ரோல் பேனலில் நெட்வொர்க் பகுதியில் டயல்-அப் அடாப்டருக்கான டிசிபி/ஐபி அமைப்பு ஒன்று, அந்த இணைப்பின் பிராபர்ட்டீஸுக்குள் சர்வர் டைப்ஸ் இன்னொன்று. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு நான் விழித்துக்கொண்டிருந்தேன். இரண்டிலும் பழையதை நீக்கி, முகவரியைச் சர்வரே தரும்படி விட்டு, கணினியை அணைத்துப் போட்டதும் பக்கங்கள் வந்தன.

என் மடிக்கணினிக்கு வேறு சிக்கல். அமெரிக்காவில் வாங்கிய மோடத்துக்கு நம் ஊர் டயல் டோன் பிடிபடவில்லை, 680 என்றது. டயல் டோனுக்குக் காத்திருக்கச் சொல்லும் கட்டத்தில் டிக்கை எடுத்துவிட்டதும் சரியானது. வெளிநாட்டிலிருந்து மடிக்கணினி கொண்டுபோகிறவர்கள் அப்போது மறக்கக் கூடாத விஷயம் இது.

அப்புறம் வேகம். நொடிக்கு 26,400 பிட் வேகத்தில்தான் இணைந்தது, போனிலும் ஒரே இரைச்சல். புகார் கொடுத்த மறுநாள் காலையே லைன்மேன் சைக்கிளில் வந்துவிட்டார். மகாமகத்துக்கு மூன்று மாதம்கூட இல்லை, ஊரெல்லாம் தோண்டிப் போட்டிருந்த நேரம் அது. திண்ணைக்கு மேலே இருந்த இணைப்பைப் பிரித்துக் காட்டினார்: செம்புக் கம்பியில் பச்சைக் களிம்பு. நுனியை வெட்டி, சுரண்டி, முறுக்கிக் கட்டினார். அடுத்த டயலில் 44,000. நான் எந்த அமைப்பை மாற்றியும் கிடைக்காத வேகம் அது. அம்மா கொடுத்த காபியைக் குடித்துவிட்டு, சமையலறை எக்ஸ்டென்ஷன் ஒயரையும் பார்த்துவிட்டுத்தான் போனார்.

எண், பயனர் பெயர், எங்கே எதை அழுத்துவது என்பதையெல்லாம் அப்பாவின் டைரியில் தமிழில் எழுதி வைத்தேன். கிளம்புவதற்கு முந்தைய நாள் அவரே டயல் செய்தார். படம் மேலிருந்து மெதுவாக இறங்கி, பேத்தியின் நெற்றி தெரிந்ததுமே அம்மாவைக் கூப்பிட்டார். இணைப்பில் இருந்தால் போன் எங்கேஜ்டாகிவிடும் என்பதால் இரவு எட்டு முதல் எட்டரை வரை இன்டர்நெட், அதற்குப் பிறகு நான் கூப்பிடுவது என்று பேசி வைத்துக்கொண்டோம்.