ஏபிஎஸ், ஈஎஸ்பி விளக்கை மறைத்துக் கொடுத்த ஒர்க்‌ஷாப்: கோவைக்காரங்க உஷார்

ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு அப்புறம் வண்டியை வெளியே வேலைக்கு விடுங்க. என்னுடையது பின்சக்கரம் இழுக்கும் இரண்டு சீட் வண்டி, கொஞ்சம் பழசு. பின் வலது சக்கரத்தில் ஊங்கென்று சத்தம் கேட்டது, பேரிங் மாற்றக் கொடுத்தேன்.

வண்டி கைக்கு வந்தபோது மீட்டரில் ஏபிஎஸ் (பிரேக் அழுத்தும்போது சக்கரம் லாக் ஆகாமல் காப்பது) விளக்கும் ஈஎஸ்பி (வண்டி சறுக்கினால் நேராக்குவது) விளக்கும் சேர்ந்தே எரிந்தன. கேட்டால், "ஏபிஎஸ் மட்டுந்தானுங்ணா கோளாறு, ஈஎஸ்பி தனி, அது பாட்டுக்கு வேலை செய்யுமுங்க" என்றார்கள். பச்சைப் பொய். சக்கரங்களில் இருக்கும் வேக சென்சார்களைத்தான் இரண்டும் நம்பியிருக்கின்றன, பிரஷரை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் யூனிட்டும் இரண்டுக்கும் ஒன்றே. ஸ்டியரிங் திருப்பிய அளவுக்கு வண்டி திரும்புகிறதா என்று ஈஎஸ்பி பார்த்துக்கொண்டே இருக்கும், வால் வெளியே வீசினால் வெளிப்பக்க முன்சக்கரத்தை மட்டும் பிடிக்கும், அந்தச் சக்கரம் லாக் ஆகாமல் காப்பது ஏபிஎஸ். ஒரு சென்சார் செத்தாலே இரண்டும் ஒதுங்கிவிடும், சாதாரண பிரேக்தான் மிச்சம். (செட்டிபாளையம் கரி ரேஸ் ட்ராக்கில் பட்டனை அமுக்கி ஈஎஸ்பியை அணைப்பது வேறு கதை. அப்போதும் ஏபிஎஸ் இருக்கும்.)

திரும்ப விட்டேன், விளக்கு அணைந்து வந்தது. சரியாகிவிட்டது என்று திம்பம் போய்விட்டு மழையில் பண்ணாரிக்கு இறங்கினால், ஒரு கொண்டை ஊசியில் பிரேக்கை அழுத்தியபோது ஏபிஎஸ் வேலை செய்யும்போது பெடலில் வரும் அந்தத் துடிப்பே இல்லை, பின்சக்கரம் லாக் ஆகி வண்டி பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போய்த் தடுப்புச் சுவர் ஓரம் நின்றது. அந்த நேரம் எதிரே கரும்பு லாரி வராதது யார் செய்த புண்ணியமோ.

ஈரோட்டில் வேறொரு மெக்கானிக் பிரித்துக் காட்டினார். இந்த மாதிரி பேரிங்கில் ஒரு பக்க சீலில் காந்த வளையம் இருக்கும், அதை வைத்துத்தான் சென்சார் சக்கர வேகத்தைப் படிக்கும், அதனால் அந்தப் பக்கம் சென்சாரைப் பார்த்து உட்கார வேண்டும். பார்வைக்கு இரு பக்கமும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத்தான். அவர் ஒரு பேப்பர் கிளிப்பை வைத்தார், சென்சாருக்கு எதிர்ப்பக்கத்தில் போய் ஒட்டியது. தலைகீழாகப் போட்டு அடித்திருக்கிறார்கள்! மீட்டரைத் திறந்தால் இரண்டு எல்ஈடி மேலும் கறுப்பு டேப்.

சாவி போட்டதும் இந்த இரண்டு விளக்கும் சில நொடி எரிந்துதான் அணைய வேண்டும். எரியவே இல்லையென்றால் வண்டியை எடுக்காதீங்க, பழைய கார் வாங்கும்போதும் இதைத்தான் முதலில் பாருங்க. சக்கர வேலை முடிந்ததும் ஸ்கேனர் போட்டு, வண்டியை ஓட்டியபடியே நான்கு சக்கர வேகமும் வருகிறதா என்று காட்டச் சொல்லுங்க.

பேரிங் காசைத் திருப்பித் தருகிறார்களாம், டேப் மட்டும் அவர்கள் ஒட்டவில்லையாம். மீட்டர் கழற்றி மாட்டிய கூலி அவர்கள் கொடுத்த பில்லிலேயே இருக்கிறது.