செத்தோ பாலத்தில் எட்டு வருஷம்: இடப்பக்க ஜன்னலே போதும்

ஜப்பானில் என் வேலை ஹொன்ஷூ தீவின் ஒகயாமாவில் ஒரு கால், கடலுக்கு அப்பால் ஷிகொக்கு தீவின் தகாமத்சுவில் ஒரு கால் என்று ஆகிவிட்டதால், வாரம் இரண்டு தடவையாவது மரைன் லைனர் ரயிலில் இரண்டு தீவுகளையும் இணைக்கும் செத்தோ பாலத்தைக் கடக்கிறேன். முழுப் பயணம் ஏறக்குறைய ஒரு மணி நேரம். கடல்மேல் ஓடுவது பத்து நிமிடத்தை ஒட்டித்தான்.

முதலில் ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். படங்களில் பார்த்து மயங்கிய அந்தப் பாலம் ரயிலில் போகிறவர் கண்ணுக்குத் தெரியாது. மேல் தளம் கார்களுக்கு, கீழ்த் தளம் நமக்கு. வாஷூசான் மலைச் சுரங்கத்தை விட்டு வெளியே வந்ததும் இரும்புச் சட்டங்களின் நடுவே ஓடுகிறோம். கடல் துண்டு துண்டாகப் படபடவென்று ஓடும். ஒரு மாதம் போனால் கண் சட்டங்களைத் தானாகவே விட்டுவிடுகிறது. தீவுகளும் சரக்குக் கப்பல்களும் மட்டும் நிற்கும்.

எங்கே உட்காருவது? போகும்போதும் இடப்பக்கம், வரும்போதும் இடப்பக்கம். ஜப்பானில் ரயில் இடப்புறத் தண்டவாளத்தில் ஓடுவதால் அந்தப் பக்கம் எதிர் ரயில் வந்து மறைக்காது. காலையில் தெற்கே போனால் கிழக்கு வெளிச்சம், மாலையில் திரும்பினால் மேற்கே சூரியன் இறங்குவது. தகாமத்சு பக்க முனையில் உள்ள பெட்டி இரட்டை அடுக்கு. அதன் கீழடுக்குக்குக் காசு கொடுத்து முன்பதிவு செய்து கடல் பார்க்க நினைப்பது வீண். ஓட்டுநருக்குப் பின்னால் உள்ள கிரீன் (உயர் வகுப்பு) இருக்கைகள் ஒரு தடவைக்குச் சரி.

எனக்கு இப்போது காட்சியைவிடச் சத்தம்தான் பிடித்திருக்கிறது. இது ஒரே பாலமில்லை, சின்னத் தீவுகளைத் தொட்டுத் தொட்டுப் போகும் ஆறு பாலங்கள். தொங்குபாலம் ரயிலின் பாரத்தில் வளையும், வெயிலில் நீளும். அதை ஈடுகட்ட முனைகளில் தனி அமைப்பு உண்டு. அங்கே சக்கர ஒலி சட்டென்று மாறும். கண்ணை மூடிக்கொண்டே எந்தத் தீவு என்று சொல்லிவிடுவேன். இரு கோபுரங்களுக்கு நடுவே 1,100 மீட்டர் தொங்கும் தெற்குப் பாலம் வந்தால் பையை எடுத்துக்கொள்ளும் நேரம்.

குறை? காற்று. பலமாக வீசினால் ரயில் நின்றுபோகும். ஒரு தடவை பாலத்துக்கு முன் ஒகயாமா பக்கத்தில் உள்ள கொஜிமா நிலையத்தில் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஒகயாமா பக்கத்து ஊனோ துறைமுகத்திலிருந்து தகாமத்சுவுக்கு ஓடிய படகும் 2019 டிசம்பரோடு நின்றுவிட்டது. புயல் நாளில் வீட்டை விட்டுக் கிளம்புமுன் ரயில் நிலவரம் பாருங்கள்.

ஆனாலும் காற்றுக்காக ரயிலை நிறுத்துவதன்மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. பாலம் வருவதற்கு முன், 1955 மே 11 அன்று, இதே கடலைக் கடந்த ஷியுன் மாரு படகு பனிமூட்டத்தில் இன்னொரு கப்பலோடு மோதி மூழ்கி 168 பேர் இறந்தார்கள். பாதிக்கு மேல் சுற்றுலா போன பள்ளிப் பிள்ளைகள். அதற்குப் பிறகுதான் பாலம் வேண்டும் என்ற குரல் வலுத்தது. திறந்தது 1988 ஏப்ரல் 10.

கொஜிமாவில் ஓட்டுநரும் நடத்துநரும் மாறுவார்கள், இரண்டு ரயில் நிறுவனங்களின் எல்லை அது. இறங்குபவர் ஏறுபவருக்குத் தொப்பியைத் தொட்டு வணக்கம் வைப்பார். எட்டு வருஷம் ஆகியும் அப்போது மட்டும் போனைக் கீழே வைத்துவிடுகிறேன்.